ஆடியில வராதை, பங்குனியில வா

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
கார்த்திகை 9

அன்பின் பவானிக்கு,

ஆடி லீவுக்கு வாறன், மாலைதீவுக்குப் போவம் எண்டு நீ அனுப்பின மூண்டு வொய்ஸ் மெசேஜும் கேட்டனான். ஒண்டுக்கும் பதில் போடேல்லை. கோவிக்காதை. ஃபோனில வாயைத் திறந்தால் அழுதுபோடுவன் எண்டு தெரியும், அதுதான் பேனையை எடுத்தனான். இவர் சுகம், பிரஷர் குளிசை ஒழுங்காப் போடுறார். அரவிந்தன் இன்னும் மாலைதீவிலதான், ஹோட்டல் கணக்கு வேலை. எனக்கு முழங்கால். சுகம் விசாரிப்பு இவ்வளவும் காணும்.

வள்ளம் கட்டின எங்கட ஓடாவி மாமா போன செய்தி உனக்கு வந்திருக்கும். ஆவணிக் கடைசியில, நித்திரையிலயே. எண்பத்தெட்டு வயசு, கலியாணச் சாவு எண்டு சனம் சொல்லுது. எனக்கு அப்பிடித் தோன்றேல்லை. கடைசி ஆறு மாசமும் அவர் எப்பிடி இருந்தவர் எண்டு உனக்கு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம். நான் சொல்லுறன். அதில உனக்கும் ஒரு வேலை இருக்குது.

இந்தப் பங்குனியில நான் மாலைதீவு போனது உனக்குத் தெரியும். கட்டுநாயக்காவில ஏறினால் ஒன்றரை மணித்தியாலம், யாழ்ப்பாணத்துக்கு ரயிலில போறதைவிடச் சுகம். விமானம் இறங்கிற இடமே தனித் தீவு, இறங்கின உடன வள்ளம். அரவிந்தன் இருக்கிற ஹோட்டல் தீவில வேலைக்காரரின்ர தாய் தேப்பன் தங்கேலாது. அதால என்னை மாஃபுஷி எண்ட ஊர்த் தீவில ஒரு விடுதியில விட்டான். அங்க 1972ல முதல் ஹோட்டல் தீவு திறந்ததில இருந்து வெளிநாட்டுக்காரருக்குத் தனித் தீவு, ஊர்ச் சனத்துக்குத் தனித் தீவு எண்டுதான் முறை. 2009க்குப் பிறகுதான் ஊர்மனைக்குள்ள விடுதி நடத்த விட்டவை. நீ எனக்கு அனுப்பின தண்ணிக்கு மேல கட்டின வீட்டுப் படம் இருக்குதெல்லே, அதில படுத்திருந்தால் நான் கண்டதில ஒண்டையும் கண்டிருக்க மாட்டன். சத்தியமாச் சொல்லுறன்.

மூண்டாம் நாள் விடிய கடற்கரையால நடக்கேக்க, ஒரு பழைய தோணியைக் கரையேத்திப் பழுது பார்த்துக்கொண்டிருந்தினம். அவையும் தோணி எண்டுதான் சொல்லுகினம். முன்பக்கத்து அணியம் நெளிஞ்சு மேல எழும்பி நிக்குது, மயில் கழுத்துப் போல. நான் சும்மா மாமாவுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினன். அதோட என்ர விடுமுறை முடிஞ்சுது.

"பிள்ளை, கிட்டப் போ. அடிமரம், ஏராவைக் காட்டு. உள் விலா, வங்கைக் காட்டு. உந்தக் கையை எடுக்கச் சொல்லு, மறைக்குது." வல்வெட்டித்துறையில இருந்துகொண்டு மாலைதீவு ஆச்சாரியை வேலை வாங்கிறார் மனுசன். ஆச்சாரிக்கு அவையின்ர மொழி திவேகி மட்டும்தான். அவரின்ர மருமகப் பெடியன் கொழும்பில படிச்சவன், நல்ல சிங்களம். மாமா தமிழில கேக்க, நான் சிங்களத்தில சொல்ல, அவன் திவேகியில கேக்க, பதில் அதே வழியால திரும்பி வரும். வெயில் ஏறிக்கொண்டு போகுது, ஒருத்தருக்கும் எழும்ப மனமில்லை.

என்ன மரம் எண்டு முதல் கேட்டார். முந்தியெல்லாம் தென்னை எண்டினம். மாமா நம்பேல்லை. "தென்னையிலயோ? வேம்பு இல்லையோ, இலுப்பை இல்லையோ?" ஒரு முழம் உயரத்துக்குக் கடலுக்கு மேல நிக்கிற தீவுகளில வேம்புக்கு எங்க போறது! நாட்டின்ர ஆகக் கூடின இயற்கை மேடே ரெண்டரை மீற்றர் வராது. இருக்கிறது தென்னை. பலகையும் அதில, கயிறும் அதில. பழைய காலத்தில ஆணியே அடிக்காமல் தும்புக் கயிறால பலகையைத் தைச்சுத்தான் கட்டினவை. இபுன் பதூதா 1343ல போய் அங்க காதியாரா இருந்தவர், அவரும் அதை எழுதியிருக்கிறார். ஆணி அடிச்ச கப்பல் பாறையில பட்டால் உடையும், தைச்ச கப்பல் வளைஞ்சு குடுக்கும் எண்டு. இதை மாமாவுக்குச் சொன்னன். கொஞ்ச நேரம் ஒண்டும் பறையேல்லை. பேந்து, "வளைஞ்சு குடுக்கும்... ஓம், குடுக்கும்" எண்டார், தனக்குத்தானே.

அடுத்த கேள்விதான் பெரிய கேள்வி. வங்கு முதலோ, பலகை முதலோ? அங்க பலகைதான் முதல். ஏராவில இருந்து பலகையை ஒண்டோடொண்டு பொருத்தி உடம்பை எடுத்துப்போட்டு, அதுக்குப் பிறகுதான் உள்ளுக்கு வங்கு வைக்கிறவையாம். மாமா வாழ்நாள் முழுக்கச் செய்தது மறுவளம்: எலும்பு முதல், தோல் பிறகு. "அப்ப வளைவை எப்பிடிக் கணிக்கிறது? கடதாசியில கீறி வைச்சிருக்கினமோ?" எண்டு கேட்டார். அந்தக் கிழவர் பெடியனைப் பார்த்து, தன்ர கண்ணைத் தொட்டுக் காட்டினார். மொழிபெயர்க்கத் தேவையே இருக்கேல்லை. மாமா சிரிச்ச சிரிப்பு, பவானி! பல்லில்லாத வாயால, குழந்தைப்பிள்ளை மாதிரி. "நானும் ஒரு நாளும் கீறேல்லை எண்டு சொல்லு அவருக்கு. என்ர அப்புவும் கீறேல்லை எண்டு சொல்லு."

இருபத்தெட்டு வருசம் சரித்திரம் படிப்பிச்சனான். இராசராசன்ர மெய்க்கீர்த்தியில வாற 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' மாலைதீவுதான் எண்டு ஒவ்வொரு வருசமும் பிள்ளையளுக்குச் சொன்னனான். உண்மையில இருக்கிறது ஏறத்தாழ 1,200 தீவு. அங்கத்தைய கடல் சோழிகள் வங்காளம் வரைக்கும் போய்க் காசாகப் புழங்கினது எண்டும் சொன்னனான். அண்டைக்கு அந்த மணலில நிண்டுகொண்டு மாமாவுக்கு இதையெல்லாம் பெருமையாச் சொல்ல, அவர் கேட்டார்: "அரசன் போனது சரி பிள்ளை. கப்பலை ஆர் கட்டினது?"

என்னட்டைப் பதில் இல்லை. ஒரு கல்வெட்டிலயும் ஓடாவியின்ர பெயரை நான் படிச்சதில்லை.

அன்னபூரணி கதையை அவர் எத்தினை தரம் சொல்லியிருப்பார் எண்டு நீயும் நானும் கணக்கு வைச்சனாங்கள், ஞாபகமோ? சுவரில கரிக்கோடு. வல்வெட்டித்துறையில கட்டின அந்தப் பாய்க்கப்பல் 1938 ஓகஸ்ட் மாசம் அமெரிக்காவில குளொஸ்ரர் துறைமுகத்தில போய் நிக்கேக்க மாமாவுக்கு ரெண்டு வயசு. ஆனால் தானே சுக்கான் பிடிச்ச மாதிரித்தான் சொல்லுவார். வாங்கின வெள்ளைக்காரன் ரொபின்சன் தன்ர மனுசியின்ர பெயரை வைச்சதைச் சொல்லேக்க மட்டும் குரல் ஏறும்: "அன்னபூரணி எண்டு பெயர் வைச்ச கப்பலை ஃபுளோரன்ஸ் எண்டு கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்குமோ?" நாங்கள் சிரிச்சுச் சிரிச்சு விழுவம். இப்ப எனக்கு அது சிரிப்பா இல்லை. அவர் சொன்னது சரி.

ஆனியில மாசிக் கருவாடு ரெண்டு கட்டை கொண்டு ஊருக்குப் போனன். அங்க சூரையைத் தூண்டில் தடியால ஒவ்வொண்டாத்தான் பிடிக்கினம். அவிச்சு, புகைபோட்டு, வெயிலில காயவிட்டு, கல்லு மாதிரி வரும். மாமி அதை இடிச்சுச் சம்பல் போட்டவ. சாப்பிட்ட பிறகு மாமா என்னைத் தன்ர வள்ளம் கட்டிற கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உனக்குத் தெரிஞ்ச கொட்டில் இல்லை இப்ப. எருக்கலை மண்டிப்போய்க் கிடக்குது. கரையில நிக்கிறது முழுக்க ஃபைபர் போட்டுகள். ஃபைபரைக் குறை சொல்ல நான் ஆர், கடலுக்குப் போறவனுக்கு அது லேசு, காசும் குறைவு, புழுவும் அரிக்காது. ஆனால் மாமாவிட்டப் பழகின கடைசிப் பெடியன் கட்டாரில கதவு நிலை செய்யிறான். மாமா அதை முறைப்பாடாச் சொல்லேல்லை. "நல்ல சம்பளம்" எண்டார்.

பேந்து சாக்கில சுத்தின ஒரு சாமானை எடுத்து என்ர மடியில வைச்சார். மரம் செதுக்கிற அவரின்ர வாச்சி. அவரின்ர அப்புவின்ர வாச்சி. பிடி மாத்தினது, இரும்பு அதே இரும்பு.

"இது பவானிக்கு" எண்டார்.

நான் திகைச்சுப்போனன். 1974, ஆடி மாசத்துப் பள்ளிக்கூட விடுமுறை. நீ பத்து வயசில சிரட்டைக் கப்பலோட போய் முன்னால நிண்டு, நானும் ஓடாவி ஆகப்போறன் எண்டு கேட்டாய். பொம்பிளைப் பிள்ளைக்கு வாச்சி பாரம் எண்டு அவர் சொல்ல, நீ ரெண்டு நாள் சோறு தின்னேல்லை. மனுசன் அதை ஐம்பது வருசமா மறக்கேல்லை, பவானி. "அந்தப் பிள்ளைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. அது பாலமெல்லாம் கீறுதாம். கணக்குத் தெரிஞ்ச கை. நான் பழக்கியிருந்தால் எல்லாம் கீறி வைச்சிருக்கும்." இதுதான் அவர் என்னோட நேரில கதைச்ச கடைசிக் கதை.

இனி உன்ர வேலைக்கு வாறன். அவர் கட்டின மர வள்ளங்களில நான் அறிய மிஞ்சினது ஒண்டுதான். உன்ர பெரியப்பாவுக்கு 1979ல கட்டிக் குடுத்தது. நெடுந்தீவில.

நான் புரட்டாதியில போய்ப் பார்த்தனான். தனியத்தான். குறிகட்டுவான் துறையில ஏற, தென்மேற்குச் சோளகக் காத்து இன்னும் அடங்கேல்லை, ஒரு மணித்தியாலம் முழுக்க நனைஞ்சன். பவளக்கல்லு அடுக்கின வேலியள் அப்பிடியே கிடக்குது. மட்டக்குதிரையள் வத்தின குளத்தைச் சுத்திச் சுத்தி நிண்டுகொண்டிருந்ததைப் பார்க்க வயிறு எரிஞ்சுது. பெருக்கமரத்தடியில கொழும்புப் பெடியள் படம் எடுத்துக்கொண்டு நிண்டாங்கள். உன்ர பெரியப்பாவின்ர வளவில பூவரசுக்குக் கீழ அந்த வள்ளம் கவிட்டு வைச்சபடி இருக்குது. ஒரு பக்கம் ரெண்டு பலகை உக்கிப்போச்சு. மற்றப்படி ஏரா, வங்கு, அணியம் எல்லாம் உறுதி. கையால தட்டிப் பார்த்தன், அவர் தட்டிற மாதிரி. தண்ணி வராமல் அடைச்ச கலப்பத்துப் பஞ்சு இன்னும் பலகை இடுக்குக்குள்ள நிக்குது. ஆனால் இன்னும் ரெண்டு மாரி தாங்குமோ தெரியாது. அந்த வீட்டுப் பெடியன் விறகுக்குக் கேட்டு ஆக்கள் வந்தவை எண்டான். தொடாதை, அளக்க ஆள் வருது எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.

நீ வந்து அதை அளந்து கீறவேணும். ஒவ்வொரு வங்கின்ர வளைவும், ஒவ்வொரு பலகையின்ர சரிவும், நீ பாலத்துக்குக் கீறிற மாதிரி. அவர் கண்ணுக்குள்ள வைச்சிருந்தது முழுக்க அந்த மரத்தில இருக்குது, வேற எங்கயும் இல்லை. எனக்கு இதை எப்பிடிச் செய்யிறது எண்டு தெரியாது. உனக்குத் தெரியும்.

1985 மே 15க்குப் பிறகு நீ குறிகட்டுவான் பக்கம் தலைவைக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். குமுதினிப் படகில வந்த சனத்தை நடுக்கடலில வெட்டிக் கொன்ற நாள் அது. உன்ர சின்னம்மா அதில ஏறின அண்டைக்கு நீயும் போறதா இருந்து, காய்ச்சலில நிண்டனீ. நான்தான் உன்ர தலைக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தனான். அதை மறந்துபோட்டு நான் இதைக் கேக்கேல்லை. மாவிலித்துறையில இறங்கி, நினைவுத்தூபிக்கு முன்னால சின்னம்மாவுக்காக நானே பூ வைச்சனான். நீ ஏறேக்க நான் பக்கத்தில இருப்பன், உன்ர கையைப் பிடிச்சபடி, கரை வரைக்கும். ஏற ஏலாது எண்டால் திரும்பி வருவம், ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்.

ஆனால் ஆடியில வராதை. உன்ர லீவு ஆடியிலதான் எண்டு தெரியும். அப்ப சோளகம் முறுகி நிக்கும், நெடுந்தீவு வள்ளம் சில நாள் ஓடவே ஓடாது. மாலைதீவும் அந்த நேரம் மழையும் காத்தும்தான், நீ கட்டப்போற அவ்வளவு காசுக்கும் அறைக்குள்ள இருந்து கூரையைத்தான் பார்ப்பாய். பங்குனியில வாடை விட்டுப்போகும், சோளகம் பிறக்காது, நடுவில கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடக்கும். நெடுந்தீவு வேலை முடிய மாலைதீவுக்கும் போவம், நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. அந்தக் கிழவருக்கு மாமாவின்ர வள்ளத்தின்ர படத்தைக் கொண்டுபோய்க் காட்டவேணும். மாமா போனது அவருக்கு இன்னும் தெரியாது. அரவிந்தனைக் காணேக்கையெல்லாம் தன்ர கண்ணைத் தொட்டுக் காட்டி, எப்பிடிச் சுகம் எண்டு கேக்கிறாராம்.

நல்ல நீட்டு அளவு நாடா ரெண்டு கொண்டுவா, இஞ்ச வாங்கினது ஒண்டும் உனக்குப் பிடிக்காது. சுண்ணக்கட்டி நான் வாங்கி வைக்கிறன். யாழ்ப்பாண ரயிலுக்கு ஒரு மாசத்துக்கு முதலே சீட்டுப் போடவேணும், திகதியைக் கெதியாச் சொல்லு.

வாச்சி என்ர அலுமாரிக்குக் கீழ இருக்குது. இஞ்ச உப்புக் காத்து ஜன்னலால நேர வாறபடியால் இரும்பு பிடிச்சுப்போடும் எண்டு ஒவ்வொரு வெள்ளியும் தேங்காயெண்ணெய் பூசுறன். பாரமாத்தான் இருக்குது, ஆனால் தூக்கலாம்.

உன்ர,
சாந்தி