கொழும்பு கொம்பனித்தெருக்காரருக்கு நன்றி

எங்கள் அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைகள் நல்லபடி முடிந்தன. ஓடிவந்து துணை நின்றவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள், மதிய போசனத்துக்குக் காய் வெட்டியவர்கள் எல்லோருக்கும் பிள்ளைகள் நாங்கள் கைகூப்பி நன்றி சொல்கிறோம். பத்திரிகையில் போட்ட நன்றி நவிலலில் இவ்வளவுக்குத்தான் இடம் இருந்தது. ஆனால் அம்மா கடைசிக் காலத்தில் ஓயாமல் விசாரித்த ஆட்கள் வேறு. அவர்களுக்குச் சொல்லவேண்டியது அப்படியே கிடக்கிறது.

அப்பா 1953 இல் இராணுவத்தில் சேர்ந்தார். படை தொடங்கியதே 1949 இல்தான். 1955 இல் அன்டன் முத்துக்குமாரு தளபதியானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர் அவர், தமிழரும்கூட. ஆகவே 'தமிழனுக்கு ஆமியில் என்ன வேலை' என்று அந்த நாட்களில் சொந்தக்காரர் யாரும் கேட்டதில்லை. பிற்பாடு கேட்டார்கள். அப்பா பதில் சொல்லாமல் பேப்பரை விரித்துக்கொள்வார்.

முகாம் பனாகொடையில். லீவு கிடைத்தால் களனிவெளிப் பாதையின் அந்தச் சின்னத் தண்டவாள ரயிலில் ஊர்ந்து மருதானைக்கு வந்து, அங்கிருந்து வீடு சேருவார். அவர் வந்த மறுநாள் வீடே பித்தளை மினுக்கும் பிராசோ மணக்கும். பித்தளைப் பொத்தான்கள் தங்கைக்கு, பெல்ட் கொளுவி எனக்கு. காக்கிக் கால்சட்டையை அம்மா அரிசிக் கஞ்சியில் தோய்த்து, சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி எடுத்தால் அது ஆள் இல்லாமலே நிற்கும். அப்புறம் எங்களுக்குப் பரிசோதனை: நகம், காது, சப்பாத்து. தம்பி ஒருநாள் சப்பாத்தின் முன்பக்கத்தை மட்டும் மினுக்கிவிட்டு விறைப்பாக நின்றான். அப்பா ஒன்றும் பேசவில்லை. "அபவுட் டேர்ன்" என்றார், அவ்வளவுதான். அம்மா குசினிக்குள் போய்ச் சிரித்தார்.

இப்படி அவர் வீட்டில் இருந்தது கொஞ்சக் காலம். தியத்தலாவை, திருகோணமலை, பலாலி என்று மாற்றம் வந்துகொண்டே இருந்தது. எங்களை வளர்த்தது தெருதான்.

முதலில் மலாய் மாமி. ரைபிள் வீதியில் பிறந்தவர். 1873 இல் கலைக்கப்பட்ட சிலோன் ரைபிள் படையில் தன் பூட்டனார் சிப்பாயாக இருந்தார் என்று பெருமையாகச் சொல்வார். ஆமிக்காரன் பெண்சாதி என்றால் என்னவென்று எங்கள் தெருவில் அவருக்குத்தான் தெரியும். 1971 ஏப்ரலில் கிளர்ச்சி வெடித்து ஊரடங்கு போட்டபோது அப்பாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ரேடியோவைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருப்போம். மாமி பின்மதிலுக்கு மேலால் சோற்றுச் சட்டியை நீட்டுவார். அம்மா வேண்டாம் என்றால், "பிள்ளைகளுக்கு, உனக்கில்லை" என்று அதட்டுவார். இரவில் தன் மூத்த மகளை எங்களுடன் படுக்க அனுப்பினார். இதற்கெல்லாம் நன்றி என்று வாய்திறந்து சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

அடுத்தவர் பின்வீட்டு இஸ்கோல மாத்தையா, பள்ளிக்கூட வாத்தியார். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் சிங்களம் எழுத வராதவருக்கு மேலே போவது கஷ்டமாகிவிட்டது. லீவு நாட்களில் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்த்தி அப்பாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை, அம்மா சுட்ட தோசையை மட்டும் வாங்கினார். அப்பா சார்ஜன்ட் ஆனதில் பாதி அவருடையது.

சந்திக்கடை நானாவையும் மறக்கமுடியாது. மணியோடர் பிந்திய மாதங்களில் கொப்பியில் எழுதிக்கொண்டு அரிசியும் மாவும் தந்தவர், ஒருநாளும் ஆள் அனுப்பிக் கேட்காதவர்.

1983 கலவரம் பற்றி நீட்டி எழுத மனமில்லை. அப்பா ஓய்வுபெற்று எட்டு வருடம் ஆகியிருந்தது. நீண்ட சேவைப் பதக்கம் சுவரில் தொங்கிய வீட்டைத்தான் கொளுத்தினார்கள். ஜூலை 25 மத்தியானம் அப்பாவின் கீழ் வேலை பழகிய கோப்ரல் ஒருவர் ஜீப்பில் வந்து, வாசலில் இறங்கி, பழைய வழக்கப்படி "சேர்" என்று சல்யூட் அடித்துவிட்டு எங்களை ஏற்றினார். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இறக்கிவிட்டார். யாருடைய கட்டளையில் வந்தார் என்று அப்பா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பின்னர் 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். மறுவருடம் திரும்பிவந்தபோது, அப்பாவின் பெயரும் படை இலக்கமும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய றங்குப்பெட்டி மாமியின் கட்டிலுக்கடியில் இருந்தது. எரியும் வீட்டிலிருந்து அதை இழுத்தெடுத்தவர்கள் அவருடைய மகன்கள்.

மாமியும் மாத்தையாவும் இன்று இல்லை. பிள்ளைகள் இருக்கிறீர்கள், சிலர் மெல்பேர்னில், சிலர் வத்தளையில். செத்தவீட்டுக்கு வந்திருந்தீர்கள், கூட்டத்தில் சரியாகப் பேசமுடியவில்லை. அதனால் உங்களுக்குத்தான் இந்த மடல். அந்தக் கோப்ரல் ஐயாவின் குடும்பத்தார் எங்கே என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எங்களுக்குச் சொல்லுங்கள். அம்மாவின் ஆண்டுத்திவசத்துக்கு அவர்களை வீட்டுக்கு அழைக்கவேண்டும். பனாகொடை முகாமில் பிள்ளைகளுக்கு வைத்த கிறிஸ்மஸ் விருந்தின் படம் யாரிடமாவது இருந்தால் அதையும் ஒரு பிரதி எடுத்துத் தாருங்கள், எங்களுடையது எல்லாம் எரிந்துவிட்டது.