23ஆம் நாளில் வீசப்பட்ட தாரா முட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் எங்கள் அயல் வீட்டில் அடைக்கோழியின் கீழ் வைத்திருந்த பத்துத் தாரா முட்டைகளை, 23ஆம் நாளாகியும் பொரிக்கவில்லை, எல்லாம் கூமுட்டை என்று சொல்லி வேலியோரம் வீசிவிட்டார்கள். உடைந்து கிடந்த ஒன்றைக் குனிந்து பார்த்தேன். ஈரத் தூவி ஒட்டிய உடலும் தட்டையான சொண்டுமாக, குஞ்சு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அந்தக் காட்சி என் மனத்தை விட்டு அகலாததாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். தாரா முட்டைக்கு 28 நாளும், தாராவைவிடப் பெரிய, நீண்ட கழுத்துள்ள வாத்தின் முட்டைக்கு ஏறத்தாழ 30 நாளும், மஸ்கோவித் தாராவின் முட்டைக்கு 35 நாளும் வேண்டும். காக்கி கேம்பல் போன்ற, முட்டைக்காகவே வளர்க்கப்படும் தாராக்கள் அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டதால், மட்டக்களப்பின் படுவான்கரைப் பகுதியில் நாங்கள் அடைக்கோழியை நம்புகிறோம். கோழியோ நாட்களை எண்ணுவதில்லை. நாளுக்கொருமுறை இறக்கி இரையும் தண்ணீரும் கொடுத்தால் மேலும் ஒரு கிழமை பொறுமையாகவே கிடக்கும். எண்ண வேண்டியவர்கள் நாம்தான்.

அடைகாக்கும் தாரா, குளித்துவிட்டு நனைந்த நெஞ்சுடன் கூட்டுக்குத் திரும்புவதால் முட்டைகளுக்கு ஈரம் கிடைக்கிறது. கோழி குளிப்பதில்லை. ஆகவே கடைசி நாட்களில் முட்டைகளின் மேல் இளஞ்சூடான நீரைச் சிறிது தெளித்துவிட வேண்டும். தவறினால் உள்தோல் காய்ந்து, குஞ்சு ஓட்டைக் கொத்தியும் வெளிவர முடியாமல் இறந்துவிடலாம். கூமுட்டையா என்ற ஐயம் எழுந்தால், அடை வைத்து ஒரு கிழமை கழிந்தபின் இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம்: கரு வளரும் முட்டையில் செந்நரம்புகள் சிலந்தி வலைபோலத் தெரியும், வளராதது வெறுமையாக ஒளிவிடும். சேவல் தாரா இல்லாத வீட்டிலும் பெட்டைகள் முட்டையிடும் என்றாலும் அவை பொரிக்கமாட்டா. ஐந்தாறு பெட்டைகளுக்கு ஒரு சேவலாவது இருக்க வேண்டும்.

இன்னொன்று: தானே அடைகாக்கும் தாரா, நாளுக்கொன்றாக முட்டையிட்டு முடித்த பிறகே அடையில் அமரும், குஞ்சுகள் ஒன்றாக வெளிவருவது அதனால்தான். தாய் அருகில் இல்லை என்பதற்காக வரம்போரக் கூட்டைக் கைவிடப்பட்டதென்று எண்ணி முட்டைகளை அள்ளிவிடக் கூடாது.

இந்த நாட்கணக்கைத் தங்கள் விவசாயப் பக்கத்தில் ஒருமுறையேனும் பெரிய எழுத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாரா வளர்க்கும் வாசகர் ஒருவர்,
வவுணதீவு, மட்டக்களப்பு.