மலரில் வரும் எண்கள்

காரைக்குடி

அன்புள்ள சொக்கலிங்கம்,

நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பர்கூட தானே படிக்கிறார்கள். உன் பேத்தி நடக்கத் தொடங்கியதில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம்.

கும்பாபிஷேக மலரின் அச்சுப்படியைப் பார்த்துவிட்டேன். கட்டுரைகள் அருமை. எண்களை மட்டும் ஒரு முறைக்குக் கொண்டுவர வேண்டும். நன்கொடைப் பட்டியலில் 12,50,000 என்றிருக்க, சிங்கப்பூரிலிருந்து வந்த பக்கத்தில் அதே தொகை 1,250,000 என்று நிற்கிறது. எல்லாவற்றையும் லட்சக் கணக்கிலேயே காற்புள்ளி போட்டுவிடு. பத்து வரை எழுத்தால், அதற்கு மேல் எண்ணால். பணம், அளவு, தேதி எப்போதும் எண்ணால். இது போதும் என்று நினைக்கிறேன். 'ஒன்பது நகரக் கோயில்கள்' என்பதை எங்கேயும் '9' ஆக்க வேண்டாம், அது நம் நகரத்தார் கோயில்களுக்குப் பெயராகவே ஆகிவிட்டது. அப்புறம், '5ம் நாள்' வேண்டவே வேண்டாம். அதை 'ஐந்தும்' என்றுதான் படிக்க வருகிறது. 5ஆம் நாள் என்றே இருக்கட்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது பழைய பேரேட்டிலிருந்து எடுத்த பக்கம். மூலத்தில் '௨௱௫' என்று தெளிவாக இருக்கிறது. தட்டச்சு செய்தவர் ௱ என்றால் 100 என்று பார்த்து, மூன்றையும் சேர்த்து 21005 என்று அடித்திருக்கிறார். அந்தக் காலக் கணக்கில் சுழியம் கிடையாது. இரண்டு, நூறு, ஐந்து என்று வாயால் சொல்கிற வரிசையிலேயே எழுதினார்கள். அது வெறும் 205 ரூபாய். நம் பாட்டனார்கள் வீசம் (1/16), அரைக்கால் (1/8) வரை பிசகாமல் எழுதிவைத்த கணக்கு அது. நூறு மடங்குக்கு மேல் பெருக்கி அச்சிட்டால் மனசு கேட்காது. மூலத்தை அப்படியே போட்டு, பக்கத்தில் இன்றைய எண்ணைக் கொடுத்துவிடு.

அதே பக்கத்தில் 'சர்வசித்து வருஷம்' என்று மட்டும் இருக்கிறது. 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் வரும். 1947-48ம் சர்வசித்துதான், 2007-08ம் சர்வசித்துதான். ஆங்கில ஆண்டையும் சேர்த்துவிட்டால் பேரப்பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள்.

புள்ளிக் கணக்குப் பக்கத்தை (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் எண்ணிக்கை) மட்டும் இன்னும் அச்சுக்குக் கொடுக்காதே. கோயில் பதிவேட்டோடு ஒப்பிட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்.

அன்புடன்,
மெய்யப்பன்