உன் தலையில் விழுந்த பழி

மதுரை
திங்கட்கிழமை ராத்திரி

மாப்ளே,

நலம், நலமறிய ஆவல், வகையறா. எட்டு மாசமா ஒரு வரி எழுதல. கண்புரை ஆபரேஷன்னு சாக்குச் சொன்னா, "காதுக்கு எப்பப் பண்ணப்போற?"ன்னு கேப்ப. இந்தத் தடவ அந்தக் கேள்வி நியாயம்தான். ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணாடியத் தூக்கிப் போட்டுட்டேன், அத மட்டும் ஞாபகத்துல வச்சுக்க. பின்னால வேணும்.

போன வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றத்துல கல்யாணம், நம்ம 'பரோட்டாக் கணக்கு' பயலோட கடைசிப் பொண்ணுக்கு. (அந்த நாலு ரூபா இன்னும் வரல.) மாப்பிள்ளை அழைப்புக்கு நாதஸ்வரம். எப்படியும் நாலு சினிமாப் பாட்டத்தான் வாசிப்பாய்ங்கன்னு நான் பந்திப் பக்கம் ஒதுங்கிட்டேன்.

தோடி ராகம் வந்துச்சுடா.

இட்லியப் பிட்ட கை அப்படியே நின்னுபோச்சு. காந்தார ஸ்வரத்தப் பிடிச்சு அசைச்சான் பாரு, இந்த மண்டபத்துல இப்படி ஒரு அசைப்புக் கேட்டு எத்தன வருஷமாச்சு! விரல் வைக்க ஏழு துளதான் அந்தக் குழல்ல. ஊடால இருக்க ஸ்வரமெல்லாம் விரலால பாதி மூடி, உதட்டையும் காத்தையும் வச்சுத்தான் வரணும், உனக்குத் தெரியாததா. அவன் நடு ஸ்தாயியிலயே முக்கா மணி நேரம் நின்னான். அவசரமே இல்ல. மேல போயிக் கத்தி கைத்தட்டு வாங்கணும்னும் இல்ல. செல்போன் பாத்துக்கிட்டிருந்த பொடியன்கூட நிமிந்து பாத்தான்.

முடிஞ்சதும் பக்கத்துல போனேன். வாய் வச்சு ஊதுற சீவாளியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே என்னை ஏற இறங்கப் பாத்தான். "ஐயா, மேலூர்ப் பக்கம் பங்குனிப் பொங்கலுக்கு எங்க பெரியப்பா செட்ட வரவச்சவுங்கதானே?"

1994. இப்ப உனக்கும் ஞாபகம் வந்திருக்கும். சுருதிப்பெட்டி போட்ட பன்னெண்டு வயசுப் பய. ராத்திரி ரெண்டு மணிக்குப் பெரியப்பா வெத்தல போடப் போனப்ப, பாரி நாயனத்த, அந்த நீள நாதஸ்வரத்தக் கையில எடுத்து ஊதி, வண்டி மாட்ட மிரள வச்சானே, அவன்தான்! ஊரே சிரிச்சுச்சு. நீ மட்டும்தான் சீவாளிய வாங்கி வெளிச்சத்துல பாத்த. "பெரியவர் வாய்க்குச் செஞ்ச கெட்டிச் சீவாளிடா இது, இந்தப் பய என்ன பண்ணுவான்? தொளைக்கு விரலும் எட்டல. ஒரு திமிரிய, அந்தக் குட்ட நாயனத்தக் குடுத்துப் பாக்கச் சொல்லு"ன்ன. நான் அவங்கப்பாவத் தனியாக் கூப்பிட்டு, "இவனுக்கு உதடும் இல்ல, மூச்சும் இல்ல. பத்தாவது முடிச்சதும் ஐடிஐயில சேத்துவிடுங்க, பிழைச்சுக்குவான்"னேன்.

மனுசன் சேத்தேவிட்டாராம்டா. ரெண்டு வருஷம் பிட்டர். "அந்த ரெண்டு வருஷம் வாத்தியமே தொடலங்கய்யா. விட்ட உதட்டத் திரும்பப் பிடிக்க நாலு வருஷம் ஆச்சு"ன்னான். அப்புறம் பசுமலை இசைக் கல்லூரி, அங்கேருந்து இன்னைக்கு வரைக்கும்.

உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. அன்னைக்கு அட்வான்ஸ் விவகாரத்துல அவன் பெரியப்பா மேல எனக்குக் கடுப்பு. அந்தக் கடுப்போடதான் காதும் கேட்டுச்சு. நேத்து ராத்திரி பாட்டுக்காரர் செம்மங்குடியத் துணைக்கு இழுத்துப் பாத்தேன். அவருக்கே சின்ன வயசுல "குரல் சரியில்ல, வயலின் எடுத்துக்க"ன்னு சொன்னாங்கள்ல. 'ஆ'ன்னு இழுத்து அகார சாதகம் பண்ணிப் பண்ணி அந்தக் குரல வச்சே 1947-ல சங்கீத கலாநிதி வாங்கலையா? ஆனா அந்தச் சமாதானம் ஒட்டல. அவங்க கேட்டது அவரோட தொண்டையவாவது. நான் கேட்டது இன்னொருத்தர் சீவாளிய.

இதுல இன்னொண்ணு. அதே செட்டுல தவில் வாசிச்சானே குண்டுப் பய, "இவன் எங்கயோ போகப்போறான்"னு நான் தோள்ல துண்டு போட்டேனே? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல லோடு இறக்குறான். தவிலத் தொட்டுப் பதினஞ்சு வருஷமாச்சாம். இந்தக் காதை வச்சுக்கிட்டு இன்னும் எத்தன பேருக்கு நாள் குறிச்சேனோ, நெனச்சா தூக்கம் வரல.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். திட்டாமப் படி.

அவன் சொன்னான்: "அன்னைக்கு உங்ககூட கண்ணாடி போட்ட ஐயா ஒருத்தர் வந்தாருல்ல, அவருதான் அப்பாகிட்ட அப்படிச் சொல்லிட்டாரு. நீங்கதாங்கய்யா சீவாளிய வாங்கிப் பாத்து எனக்காகப் பேசுனீங்க." சொல்லிட்டுப் பொசுக்குன்னு கால்ல விழுந்துட்டான். நான்... ஆசீர்வாதம் பண்ணிட்டேன் மாப்ளே. வாயத் தெறந்தேன், சத்தியமா. அதுக்குள்ள பரோட்டாக் கணக்கு வந்து பாயசத்துக்கு இழுத்துட்டுப் போயிட்டான்.

பாயசம் குடிக்கக் கால் மணி நேரமா ஆகும்? திரும்பிப் போயிருக்கலாம். போகல.

தையில கோயம்புத்தூர்ல அவனுக்கு ஒரு கல்யாண வாசிப்பு இருக்கு. உன் விலாசம் கேட்டான், குடுத்துட்டேன். கோபமா ஒண்ணும் வரல. "அவரு முன்னால ஒரு தடவ தோடி வாசிச்சுட்டு வந்துடணும்"னு மட்டும் சொன்னான். நீ வேற இப்பக் கண்ணாடி போட்டிருக்க.

நடந்தத அவன்கிட்ட நீயே சொல்லிடு, நான் தடுக்கல. ஆனா வாசிச்சு முடிச்சதுக்கு அப்புறம் சொல்லு. முன்னாடியே சொல்லிட்டா அந்தத் தோடி உனக்குக் கெடைக்காது.

திட்டுறதுன்னா லெட்டர்ல திட்டு. போன்ல வேணாம், இவ ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கேப்பா.

இப்படிக்கு,
பழைய கண்ணாடிக்காரன்