முதலில் திரை, அப்புறம் கார்டு

அன்புள்ள தம்பிக்கு,

விளையாட்டுக்காகப் புதுக் கம்ப்யூட்டர் கட்ட நீ அனுப்பிய சாமான் பட்டியலை நிதானமாகப் படித்தேன். புது ரைசன் சிபியு, அது உட்காரும் ஏஎம்5 மதர்போர்டு, டிடிஆர்5 ரேம், ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு, தண்ணீர் ஓடும் கூலர், கண்ணாடிக் கேசிங். தலைப்பில் கொட்டை எழுத்தில் ‘4கே பில்ட்’. கடைசி வரியில் ‘மானிட்டர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. திரை எது என்று முடிவாகாமல் எந்தக் கார்டு வேண்டும் என்று எப்படிச் சொல்வாய்?

கணக்கைப் பார். 1080பி திரையில் 2.07 மில்லியன் புள்ளிகள். 1440பி-யில் 3.69 மில்லியன். 4கே-யில் 8.29 மில்லியன். 1080பி-யைப்போல் சரியாக நான்கு மடங்கு, 1440பி-யைப்போல் இரண்டேகால் மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது விநாடிக்குப் பல முறை மாறும் ஒவ்வொரு படத்துக்கும், இத்தனை புள்ளியையும் வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. சிபியுவுக்கு அப்படி இல்லை. எந்தக் கார் எங்கே போகிறது, எது எதில் மோதுகிறது என்று கணக்குப் போடுவது அதன் வேலை. திரையில் புள்ளி கூடினாலும் அந்த வேலை ஏறக்குறைய அதேதான். அதனால் 4கே-க்குப் போகும்போது பணம் திரையிலும் கார்டிலும் போக வேண்டும். உன் பட்டியலிலோ பாதிப் பணம் மற்றதில் போகிறது.

நீ என்எஸ் (தேசிய சேவை) போவதற்கு முன்னால், 2019-ல், சிம் லிம் மின்னணுக் கடைத்தொகுதியில் கடை கடையாக விலைப்பட்டியல் தாள் வாங்கி, எம்ஆர்டியில் வரும் வழியெல்லாம் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு வந்தாயே, அந்தப் பெட்டி உன் அறையில் அப்படியே இருக்கிறது. பாப்பா பள்ளி வேலைக்குப் பயன்படுத்துகிறாள். நேற்று அதைத் திறந்தேன். முன்பக்க ஃபில்டரில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது, உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நிலைமின்சாரத்தைத் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே கை வைத்தேன்; சிப் செய்யும் ஃபேபில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு அது இல்லாமல் ஒரு போர்டைத் தொடக் கை வராது. ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4, ஆர்டிஎக்ஸ் 2060, 550 வாட் பவர் சப்ளை. துடைத்து மூடிய பிறகு சத்தமே பாதியாகிவிட்டது.

ஹாலில் இருக்கும் டிவி 4கே-தான் என்பது உனக்கு நினைவில்லை போல. அப்பா செய்தி பார்த்து முடித்ததும் நானும் பாப்பாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதில் மாட்டினோம். 2060-ல் இருப்பது எச்டிஎம்ஐ 2.0, ஆகவே 4கே-யில் 60 ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது விநாடிக்கு 60 படத்துக்கு மேல், போகாது. சோதித்துப் பார்க்க அது போதும். நீ விட்டுப்போன கார் பந்தயத்தைப் போட்டோம். படம் என்னவோ அபாரம். சாலையோர வேலியில் கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் முதல் வளைவிலேயே விக்க ஆரம்பித்துவிட்டது. ஓரத்தில் எண்களை வரவைத்துப் பார்த்தால், கார்டின் 6 ஜிபி நினைவகம் முழுவதும் நிரம்பிக் கிடக்கிறது, ஃபிரேம் 20-க்கும் 30-க்கும் நடுவே தள்ளாடுகிறது, சிபியு பாதி சும்மா இருக்கிறது. குறைந்த புள்ளியில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் வசதியைப் பெர்ஃபார்மன்ஸில் வைத்ததும் கொஞ்சம் சீரானது. அப்போது கார்டு 1080பி-யில்தான் வரைகிறது, மீதியைக் கணித்து நிரப்பிக்கொள்கிறது. பாப்பா ‘இதுவே போதுமேம்மா’ என்றாள். அவளுக்குப் போதும், உனக்குப் போதாது என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் நேர்மாறாக ஒன்று செய்தோம். 1080பி-க்கு இறக்கி, அமைப்புகளையெல்லாம் லோ-வில் வைத்தோம். 110 ஃபிரேம் வந்தது, அப்போது கார்டு 60 சதவீதம்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அப்படியென்றால் அந்த 110-தான் இந்த சிபியு அந்த விளையாட்டில் தரக்கூடிய உச்சம். என்ன விலைக்குக் கார்டு வாங்கிப் போட்டாலும் அதைத் தாண்டப் போவதில்லை. ஆனால் 4கே-யில் 110 வந்தால் நீ வேண்டாம் என்றா சொல்வாய்? உன் மற்ற விளையாட்டுகளையும் இதேபோல் பார்த்துவிட்டு சிபியுவைப் பற்றிப் பேசுவோம். எங்காவது 60-க்குக் கீழே விழுந்தால் அதே போர்டிலேயே ரைசன் 7 5800எக்ஸ்3டி உட்காரும். 96 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) உள்ள சிபியு அது. போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை முன்கூட்டியே புதுப்பித்துவிட வேண்டும், கூலர் தனியாக வாங்க வேண்டும், அவ்வளவுதான். கரோசல் செயலியில் பழசாகக் கிடைக்கும். ஒன்று மட்டும் நினைவில் வை: பழுதான பொருளுக்குக் கடைக்காரரைப் பொறுப்பாக்கும், 2012-ல் வந்த லெமன் சட்டம் கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் உண்டு, தனி ஆளிடம் வாங்கினால் கிடையாது. அதனால் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதே.

ஏஎம்5-க்குப் போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் ரேம். அந்த போர்டில் டிடிஆர்5 மட்டும்தான் போடலாம். 2025 கடைசியிலிருந்து அதன் விலை ஏறுகிற போக்கைப் பார்த்தாயா? ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்பை அள்ளிக்கொண்டு போகின்றன. நம் வுட்லண்ட்ஸில் பெரிய ஆலை வைத்திருக்கும் மைக்ரானே, க்ரூஷியல் என்ற பெயரில் சாதாரண ஜனங்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. கையில் இருக்கிற 16 ஜிபி-யை வைத்துக்கொண்டு ஓட்டு. இந்த நேரத்தில் ரேமில் பணத்தைக் கொட்டுவது எனக்கு மனசே ஒப்பவில்லை.

சரி, திரை. உன் மேசையின் ஆழம் 60 சென்டிமீட்டர். 27 அங்குலத்தில் 4கே என்றால் அங்குலத்துக்கு 163 புள்ளி, 32-ல் 138. 27-ல் எழுத்து அவ்வளவு பொடிசாகிவிடும், விண்டோஸில் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். 32 நன்றாக இருக்கும், ஆனால் அதன் ஸ்டாண்டே மேசையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். மேசை ஓரத்தில் கவ்வும் கை ஒன்று வாங்கிச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்தால் 32 சரிவரும். ஓஎல்இடி வகைத் திரை வேண்டும் என்று ஆசைப்படுவாய். கறுப்பு கறுப்பாகவே தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாப்பா நாள் முழுக்க ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துப் படிக்கிறாள், கீழே டாஸ்க்பார் அசையாமல் நிற்கிறது, அது நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியும். உன் அறை வேறு மேற்குப் பார்த்தது, மாலை வெயில் நேராக அடிக்கும். நான் அப்படித் தழும்பு விழாத ஐபிஎஸ் வகைத் திரைதான் வாங்குவேன். 120 ஹெர்ட்ஸுக்கு மேலே எது வாங்கினாலும் எச்டிஎம்ஐ 2.1 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இருக்கிறதா என்று பெட்டியில் படித்துப் பார்.

கார்டுக்கு வருகிறேன். 5090 வேண்டாம். விலையை விடு, அது 575 வாட் இழுக்கும். மொத்தப் பெட்டியும் 700 வாட்டைத் தாண்டினால், அத்தனையும் சூடாக அந்தச் சின்ன அறைக்குள்தான் இறங்கும். நீ ஏர்கானைக் கூட்டுவாய். மின்சாரம் யூனிட்டுக்கு 30 காசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினம் மூன்று மணி நேரம் ஆடினால் பெட்டிக்கு மட்டும் மாதம் 19 வெள்ளி, ஏர்கான் தனி. அப்பா பில்லைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்பார்.

நான் சொல்வது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, இல்லையென்றால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி. இரண்டும் 2025-ல் வந்தவை, இரண்டிலும் 16 ஜிபி, முதலாவது 300 வாட், மற்றது 304. அமெரிக்காவில் அறிவித்த விலை 749 டாலர், 599 டாலர்; அந்த விலையில் இங்கே கிடைக்கும் என்று நினைக்காதே. 5080-க்கு 999 டாலர் என்றார்கள், அதிலும் அதே 16 ஜிபி-தான். வெறும் 5070-ல் 12 ஜிபி, 4கே-க்கு வாங்கி இரண்டு வருஷத்தில் நொந்துகொள்வாய். நம் போர்டில் கார்டைச் சொருகும் இணைப்பு பழைய பிசிஐஇ 3.0 என்று கவலைப்படாதே. இந்த இரண்டு கார்டும் அதிலுள்ள 16 லேனையும் (தரவுப் பாதை) பயன்படுத்துவதால் இழப்பு சொற்பம். 5060 டிஐ மாதிரி 8 லேன் கார்டுகளுக்குத்தான் அது உறைக்கும். டிஎல்எஸ்எஸ் குவாலிட்டியில் வைத்தால் 4கே-க்குக் கார்டு 1440பி-தான் வரைகிறது. வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குக் கண்ணாடி போட்டும் முடியாது. ஏஎம்டி கார்டில் அதே வேலையை எஃப்எஸ்ஆர் 4 செய்யும்.

பவர் சப்ளையை நீ பட்டியலில் போடவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான். பழையதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தேன்: 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட். கார்டு 300, சிபியு 90-க்குள், மற்றதெல்லாம் சேர்த்து 60 என்று வைத்தால் தாளில் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு சீராக இழுக்கும் சாமான் இல்லை. மில்லி விநாடிக்கும் குறைந்த நேரத்துக்குத் திடீரென்று எகிறும், பழைய பவர் சப்ளை பயந்து அணைந்துவிடும். இதற்காகவே 2022-ல் பவர் சப்ளைகளுக்கு வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, 100 மைக்ரோ விநாடிக்குத் தன் அளவில் இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும் என்கிறது. 5070 டிஐ-க்கு என்விடியா சொல்வது 750 வாட். நீ 850 வாட்டில் ஏடிஎக்ஸ் 3.1 ஒன்று வாங்கு, பத்து வருஷம் கிடக்கும்.

கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் அந்தப் புது பிளக்கையும் சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வந்து சில வாரத்திலேயே பிளக் உருகிய படங்கள் வந்தன, உனக்குத் தெரியும். 600 வாட் என்றால் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர். அது ஆறு கம்பியில் பிரிந்து போகிறது, ஒன்றுக்கு எட்டு ஆம்பியருக்கு மேல். எல்லா முனையும் நன்றாகப் பதிந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஒன்று தளர்ந்தால் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் ஏறும், அங்கே சூடு பிடிக்கும். பிறகு, பிளக் பதிந்ததா என்று கார்டுக்குச் சொல்லும் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கி 12வி-2×6 என்று திருத்தினார்கள். சரியாகச் சொருகாவிட்டால் கார்டு உயிர் பெறாது. 300 வாட்டில் இந்த ஆபத்து மிகக் குறைவு, இருந்தாலும் கடைசிவரை அழுத்து, பிளக்கை ஒட்டி வயரை மடக்காதே. ஒன்றிரண்டு வெள்ளி கூடுதலானாலும் பழைய 8 பின் பிளக் உள்ள 9070 எக்ஸ்டி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். இன்னொன்று, பழைய பவர் சப்ளையின் வயர்களைப் புதியதில் மாட்டவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே வரிசை வேறாக இருக்கும், எஸ்எஸ்டி ஒரே நொடியில் போய்விடும்.

கேசிங்கில் கார்டு நிற்கும் இடத்தை அளந்தேன்: 31.5 சென்டிமீட்டர். முன் காற்றாடியைக் கழற்றினால் 34. 33-ஐத் தொடும் கார்டுகளும் உண்டு, அதனால் நீளத்தைப் பார்த்து வாங்கு. கண்ணாடிக் கேசிங் வேண்டாம்.

பெர்த்தில் வாங்கி ஏர்போர்ட்டில் ஜிஎஸ்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றாயே, அது தேறாது. 1,500 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கினால் அங்கே 136 டாலர் திரும்பக் கிடைக்கும். சாங்கியில் இறங்கியதும் 500 வெள்ளிக்கு மேற்பட்ட மதிப்புக்கு 9 சதவீதம் நீயே போய்ச் சொல்லிக் கட்ட வேண்டும். மிஞ்சுவது ஒரு சாப்பாட்டுக் காசு. கார்டு கெட்டால் பெர்த்துக்கா அனுப்புவாய்? சிம் லிம்மில் வாங்கினால் ரோச்சோரில் இறங்கி நேராகக் கையில் கொடுத்துவிட்டு, தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. பயாஸில் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை இயக்கி, பாப்பாவுக்காக விண்டோஸ் 11-க்கு மாற்றிவிட்டேன், உன் கோப்புகள் பத்திரம்.

2060-ஐ விற்கலாம் என்று நினைக்காதே, அது தனக்குத்தான் என்று பாப்பா இப்போதே சொல்லிவிட்டாள். அதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள், என்னை நடுவில் இழுக்க வேண்டாம். பழைய பெட்டிகளும் ரசீதும் ஷெல்டரில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கின்றன. திரையைத் தேர்ந்தெடுத்ததும் மாடல் எண்ணை அனுப்பு, கார்டு விலையை நான் இங்கே விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா