கிரிக்கெட் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, லீக் ஆடும் தம்பிகளே, ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவர்களை எழுப்பி அனுப்பிவைக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். லீக்கில் இருந்த டிவிஷனிலேயே இருக்கிறோம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கம்போல் சில ஆட்டங்களைக் கெடுத்தது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணி சீனியர்களைவிட நன்றாக ஆடியது; சீனியர்கள் மறுக்கலாம், ஸ்கோர் புத்தகம் மறுக்காது. தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் காலையில் இடம் பிடிக்கும் பாடு இன்னும் தீரவில்லை. யாருடைய ஃபீல்டர் யாருக்கு மிட்விக்கெட்டில் நிற்கிறார் என்று தெரியாமலே ஓவர் முடிந்துவிடுகிறது. சரி, மாம்பலத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

இந்த ஆண்டு அதிகம் பேச வேண்டிய விஷயம் வேறு.

2025 ஆகஸ்ட் 1 அன்று, லண்டனில் இந்தியா–இங்கிலாந்து ஓவல் டெஸ்டின் இரண்டாம் நாள். முதல் நாள் ஆட்டமிழக்காமல் நின்ற நம்ம வாஷிங்டன் சுந்தரைப் பார்க்க சங்க அறையில் கூட்டம். டிவியில் பார்வையாளர்கள் பலர் நெற்றியில் வெள்ளைப் பட்டை கட்டியிருந்தார்கள். அது இங்கிலாந்தின் பழைய பேட்ஸ்மேன் கிரஹாம் தோர்ப்புக்காக. அவர் ஆடும்போது அப்படித்தான் கட்டிக்கொள்வார். அன்று அவருடைய 56ஆவது பிறந்தநாளாக இருந்திருக்கும். தம்பிகளுக்கு அவரைத் தெரியவில்லை. 100 டெஸ்ட், 16 சதம், 6,744 ரன் என்று பெரியவர்கள் சொல்ல ஆரம்பித்து, 2000இல் கராச்சியில் பந்தே தெரியாத இருட்டில் அவர் வெற்றி ரன்னை அடித்த கதைக்குப் போய்விட்டார்கள். 2024 ஆகஸ்ட் 4இல் அவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். பல ஆண்டுகளாக மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் போராடினார் என்பதை மனைவியும் மகள்களும் மறைக்காமல் சொன்னார்கள். பட்டை விற்ற பணம் அங்குள்ள ‘மைண்ட்’ என்ற மனநல அமைப்புக்குப் போனது. அந்த டெஸ்டை இந்தியா 6 ரன்னில் ஜெயித்த நாள், அவருடைய முதல் நினைவு நாள்.

அப்போதுதான் நம் துணைத்தலைவர் கேட்டார்: “இவ்வளவு தூரம் போவானேன்? நம்ம விபிக்கு என்ன செய்தோம்?”

வி.பி. சந்திரசேகர் 2019 ஆகஸ்ட் 15இல் நம்மைவிட்டுப் போனார். 58ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அவருடைய மரணமும் தற்கொலைதான். ரஞ்சிக் கோப்பையை 1987–88இல் வென்ற தமிழ்நாடு அணியின் தொடக்க ஆட்டக்காரர். அடுத்து 1988இல் இரானி கோப்பைக்காகச் சேப்பாக்கத்தில் 56 பந்தில் சதம். டி20 என்ற பேச்சே இல்லாத காலம் அது. இந்தியாவுக்கு 7 ஒருநாள் ஆட்டம், பிறகு தேசியத் தேர்வாளர், அப்புறம் சூப்பர் கிங்ஸின் ஆரம்ப நாட்களில் 2008 ஏலத்தில் தோனியை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று அப்போது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அதை இங்கே தொட மாட்டேன். ஒரு சாவுக்கு ஒற்றைக் காரணம் கட்டுவதை மருத்துவர்களே செய்வதில்லை.

ஆகவே சுதந்திர தினத்தன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்தபின், அவர் நினைவாக இருபது ஓவர் ஆட்டம் வைத்தோம். தொடக்க ஆட்டக்காரர்கள் முதல் ஓவரிலேயே இறங்கி அடிக்க வேண்டும் என்பது அன்றைய ஒரே நிபந்தனை. இருவரும் சீக்கிரமே அவுட். கைதட்டல் மட்டும் குறையவில்லை.

மதியம் ஷாமியானாவுக்குக் கீழே ஓர் அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் பேசினார். தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, கூட்டத்தில் இருந்தும் ஒதுங்குவது, பிடித்த கிட்டை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவது, இவற்றைக் கவனிக்கச் சொன்னார். “சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது” என்றார். நம்மில் பலருக்கு அதுவே பெரிய செய்தி.

கேள்வி நேரத்தில் ஒரு தம்பி எழுந்தான். பெயர் வேண்டாம். “டாக்டரைப் பார்க்கிறதில பிரச்சினை இல்ல மேடம். பார்க்கிறேன்னு தெரிஞ்சா அடுத்த வாரம் லெவன்ல இருக்க மாட்டேன்.”

இந்த அறிக்கையின் சாரம் அந்த ஒரு வாக்கியம்தான். தொடைச்சதை பிடித்துக்கொண்டால் ஐஸ் வைக்கிறோம், பிசியோவிடம் அனுப்புகிறோம், இடத்தையும் வைத்திருக்கிறோம். மூன்று வாரமாகத் தூங்காதவனிடம் “மனசை விடாதடா” என்கிறோம். பேச ஆள் வைத்தாலும், போஸ்டர் ஒட்டினாலும், செலக்‌ஷன் நாளில் இடம் போய்விடும் என்ற பயம் இருக்கிறவரை எவனும் வாய் திறக்க மாட்டான்.

செயற்குழு மாலைக் கூட்டத்தில் இதற்கு ஒரு விதி போட்டோம். மன ஓய்வு கேட்பதும் காயம்தான். வருகைப் பதிவேட்டில் ‘காயம்’, ‘பரீட்சை’, ‘ஊர்’ என்று எழுதும் இடத்தில் ‘ஓய்வு’ என்று மட்டும் எழுதப்படும். கேப்டனோ கோச்சோ காரணம் கேட்கக் கூடாது. திரும்பி வந்தால் அவன் இடம் அவனுக்கு. தேர்வுக் குழுவில் இல்லாத ஒருவரிடம் மட்டும் பேசினால் போதும். அவரும் வெளியே சொல்ல மாட்டார். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் மட்டும் வீட்டுக்கும் மருத்துவருக்கும் சொல்வார். இதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டோம்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. “தூங்குமூஞ்சிப் பசங்க எல்லாம் இதைச் சொல்லி நெட்ஸுக்கு மட்டம் போடுவாங்க” என்றார் ஒரு மூத்தவர். பரீட்சை என்று சொல்லிச் சினிமாவுக்குப் போனவர்களையும் இதே சங்கம்தான் பார்த்திருக்கிறது, அதற்காகப் பரீட்சை விடுப்பை ஒழிக்கவில்லையே என்றேன். 2019இல் தொடரின் நடுவே ஓய்வு கேட்டு விலகிய ஆஸ்திரேலியாவின் மேக்ஸ்வெல்தான் 2023 உலகக் கோப்பையில் மும்பையில் ஒற்றைக் காலில் நின்று ஆட்டமிழக்காமல் 201 அடித்தார் என்று ஒரு தம்பி எடுத்துக் கொடுத்தான். விதி நிறைவேறியது.

இதுவரை சிலர் பதிவேட்டில் ‘ஓய்வு’ போட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் என்று சொல்வதும் அடையாளம் காட்டுவதுதான், சொல்லவில்லை. ஒரு சீனியரும் உண்டு.

வாட்ஸ்அப் குழுவில் கேட்ச் விட்ட வீடியோவைப் போட்டுக் கலாய்ப்பதையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். இது பாதிதான் நடக்கிறது. கிட் அறைச் சுவரில் அரசின் உதவி எண்கள், 104 சுகாதார உதவி எண், டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இரண்டும் பெயின்டில் எழுதியாகிவிட்டது. இரண்டிலும் தமிழில் பேசலாம்; அழைப்பு இலவசம். பெற்றோர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு பற்றி ஒன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு இணையாக மனநோய் சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நம்முடையது வெறும் விபத்துப் பாலிசி, எலும்பு முறிந்தால் மட்டும் பேசும். புதுப்பிக்கும் முன் பொருளாளர் வேறு பாலிசிகளை விசாரிப்பார். பிரீமியம் கூடும், சந்தாவும் கொஞ்சம் கூடலாம் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பிட்ச்சில் விரிக்கும் மேட் இரண்டு பக்கமும் கிழிந்துவிட்டது, புதிது வாங்கியாக வேண்டும். போன வருடச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் வெளியே போவதற்குள் பொருளாளரைப் பார்க்கவும். அவர் இப்போது வரவு செலவு வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்