வருஷத்துக்கு ஒரு நாள் தானேன்னு விட்ட காது: செக்யூரிட்டி கார்டுகளோட கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஒரு செக்யூரிட்டி கார்டு (பேர், ஐடி நம்பர், பிசிரா கார்டு (செக்யூரிட்டி வேலைக்கான அரசுப் பதிவு அட்டை) காப்பி எல்லாம் தனித்தாள்ல வச்சிருக்கேன்),
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
மாகாண தலைமை ஆய்வாளர் அவர்கள்,
வேலைவாய்ப்பு மற்றும் தொழிலாளர் துறை,
குவாசூலு-நேட்டால்.

பொருள்: துப்பாக்கி ட்ரைனிங்ல கார்டுகளுக்கு காது போறது பத்தியும், அதை யாரும் அளக்காம விடறது பத்தியும்.

ஐயா அல்லது அம்மா, வணக்கம்.

முதல்ல மொழி விஷயத்தை சொல்லிடறேன். தமிழ்ல எழுதறதுக்கு மன்னிப்பு எல்லாம் கேக்கப் போறதில்ல, நம்ம நாட்டு அரசியல் சட்டத்துல 6வது பிரிவுல மரியாதை குடுக்கணும்னு சொல்ற மொழிகள் வரிசையில தமிழும் இருக்கு (தெலுங்கை ஸ்பெல்லிங் தப்பா போட்டிருக்காங்க, அது வேற மனு). இங்கிலீஷ் காப்பி ஒண்ணு கூடவே பின் பண்ணிருக்கேன், தங்கச்சி பையன் எழுதிக் குடுத்தான், ஆனா அவன் ரொம்ப பவ்யமா எழுதிட்டான், நான் சொல்ல வந்தது முழுசா இதுல தான் இருக்கு.

நான் 19 வருஷம் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் வண்டியில ஓடினவன். அலாரம் அடிச்சா கண்ட்ரோல் ரூம்ல இருந்து ரேடியோவுல தெரு பேரும் வீட்டு நம்பரும் வரும், நாங்க பறக்கணும். மூணு வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி ஃபிஃப்டீன்னு சொன்னது எனக்கு ஃபிஃப்டின்னு கேட்டுச்சு, 15க்கு போறதுக்கு பதிலா 50க்கு போய் கேட்டை தட்டிட்டு நிக்கறேன், உள்ள இருந்த பெரியவர் பயந்து போய் அவர் துப்பாக்கியை எடுத்துட்டு வெளிய வந்துட்டார், அந்த நேரத்துல 15ம் நம்பர் வீட்ல ஒரு அம்மா பேன்ட்ரிக்குள்ள புள்ளைங்களோட ஒளிஞ்சிட்டு எங்களுக்காக காத்துட்டு இருந்தாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல, அம்மன் புண்ணியம். ஆனா அன்னிக்கு தான் என் காதுல ஏதோ கோளாறுன்னு நானே ஒத்துக்கிட்டேன். அதுக்கு முன்னாடி வீட்ல எல்லாரும் முனகி முனகி பேசறாங்கன்னு தான் சண்டை போட்டுட்டு இருந்தேன்.

காது டெஸ்ட் எடுத்த பொண்ணு கிராஃபை காட்டினா. கட்டையான சத்தம் எல்லாம் ஓரளவு நல்லா கேக்குது, 3000 ஹெர்ட்ஸ் தாண்டினதும் கோடு குழிக்குள்ள விழுது, 4000 கிட்ட தான் அடிமட்டம், அப்புறம் 8000ல கொஞ்சம் மேல ஏறுது. வயசானதால வர்ற செவிடா இருந்தா கோடு ஏறாம இறங்கிட்டே போகும், நடுவுல இப்படி குழி விழுந்தா சத்தத்தால வந்த சேதம்னு தான் முதல்ல சந்தேகப்படணும்னு சொன்னா. நம்ம பேச்சுல ஸ, ஃப, த மாதிரி மெல்லிசா காத்தா வர்ற எழுத்தெல்லாம் அந்த பக்கம் தான் இருக்காம், அதனால தான் ஆள் பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னு புரியல. இன்னும் கேளுங்க, கோயில் பஜனையில நான் தான் தாளம் போடறவன், என் கையில இருக்கற தாளத்தோட அந்த கணீர்ங்கற முனை இப்ப எனக்கு கேக்கறதில்ல, பக்கத்துல மிருதங்கக்காரர் முகத்தை பார்த்து தான் போடறேன். பேத்தி தாத்தான்னு பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்பறதில்ல, அவளுக்கு கோவம். கொசுறா ராத்திரி முழுக்க காதுக்குள்ள சில்வண்டு கத்திட்டே இருக்கு. சின்ன வயசுல டொங்காட்ல கரும்புத் தோட்டத்து ஓரம் இருந்தோம், அங்க கத்தற அதே சத்தம் தான், ஆனா இது ஜூலை மாச குளிர்லயும் நிக்க மாட்டேங்குது.

இதை கம்பெனியில சொன்னேன். கம்பெனி பேரை எழுத மாட்டேன், சம்பளம் இன்னும் அங்க தான் வருது, இப்ப வண்டியில இருந்து எடுத்து ஒரு கேட்ல போட்டிருக்காங்க. சூப்பர்வைசர் சிரிச்சுட்டே சொல்றார், நீங்க தீபாவளிக்கு தீபாவளி வெடி வெடிக்கற ஆளுங்க தானேன்னு. எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. வெடியும் காதை கெடுக்கும், இல்லைங்கல, ஆனா என் கிராஃப்ல வலது காதை விட இடது காது தான் மோசம். எங்களுக்கு ஷாட்கன் ட்ரைனிங்கும் உண்டு, வலது தோள்ல கட்டையை வச்சு கன்னத்தை சாய்ச்சா இடது காது துப்பாக்கிக் குழாயோட வாய்ப் பக்கமா திரும்பிடும், வலது காதுக்கு தலையே மறைப்பு. நீட்டு துப்பாக்கி சுடற வலதுகைக்காரங்களுக்கு பொதுவா இடது காது தான் முதல்ல போகுதுன்னு டாக்டருங்களுக்கு நல்லா தெரியும். தீபாவளி வெடிக்கு இடது வலது தெரியுமா?

வருஷத்துக்கு ஒரு நாள் வர்ற எங்க துப்பாக்கி ட்ரைனிங் எப்படி நடக்குதுன்னு சொல்றேன், நீங்க ஆபீஸ்ல இருந்து பார்த்திருக்க மாட்டீங்க. இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல ஒரு ஷெட், உள்ள நாலு பக்கமும் கான்கிரீட், மேல தகரம். 20 பேரை கூட்டிட்டு போவாங்க, ஆளுக்கு 50 ரவுண்டு, மொத்தம் ஆயிரம் வெடி, அதுல என்னுது 50 தான், மிச்ச 950ம் பக்கத்து லேன்ல இருந்தும் சுவத்துல பட்டு திரும்பியும் என் காதுக்கே வருது. ஓரத்துல ஒரு ப்ளாஸ்டிக் டப்பாவுல பழைய இயர் மஃப் (காதை மேல இருந்து மூடற குஷன் வச்ச மூடி) கிடக்கும், பாதிக்கு குஷன் வெடிச்சு ஃபோம் எட்டிப் பார்க்கும், ஒருத்தன் வேர்வை காயறதுக்குள்ள அடுத்தவன் மாட்டணும். கண்ணுக்கு சேஃப்டி கிளாஸ் போடுங்கம்பாங்க, அது சரி, ஆனா தடியான கண்ணாடிக் காம்பு குஷனுக்கு அடியில போனா அந்த இடைவெளி போதும் சத்தம் உள்ள வர. தொப்பியை இழுத்து விட்டு மேல மஃப் மாட்டறவங்க கதையும் அதே தான். சில பேர் பஞ்சை அடைச்சுட்டு நிப்பாங்க, பஞ்சுல பாதுகாப்பு ஒண்ணும் பெருசா கிடையாது, மனசுக்கு ஒரு திருப்தி அவ்ளோதான்.

இதுல எல்லாத்தையும் விட மோசம் எதுன்னு கேட்டா இதை தான் சொல்வேன். மஃப் போட்டா இன்ஸ்ட்ரக்டர் சொல்றது கேக்காது, கேக்கலைன்னா திட்டுவார், அதனால எல்லாரும் ஒரு பக்கத்தை தூக்கி வச்சுட்டு கேப்போம், சரியா அந்த நேரம் பார்த்து பக்கத்து லேன்காரன் சுடுவான். ஒரே ஒரு வெடி போதும். திடீர் சத்தத்துக்கு காதுக்குள்ள ஒரு சின்ன தசை இறுகி காப்பாத்த பார்க்குமாம், ஆனா துப்பாக்கி சத்தம் அது இறுகறதுக்குள்ள வந்து போயிடுது. அன்னிக்கு சாயங்காலம் காது அடைச்சுட்டு கொய்ங்னு இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடுச்சுன்னு நினைச்சுப்போம். உள்ள இருக்கற மயிர் செல்லுங்க ஒரு காதுக்கு சுமார் 15,000 தான், பொறக்கும்போது குடுத்தது, போனா போனது தான். கோழிக்கு அது மறுபடி முளைக்குமாம், மனுஷனுக்கு முளைக்காது.

இப்ப நான் உங்க கிட்ட வந்த விஷயம். உங்க துறை கையில இருக்கற தொழில் பாதுகாப்பு சட்டம் 1993ம் வருஷத்து 85ம் நம்பர் சட்டம், 2003ல வந்த காது ரெகுலேஷன்ல இரைச்சல் வரம்பும் 85 டெசிபல், அதனால இந்த நம்பர் மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது. ஆனா அந்த 85ங்கறது 8 மணி நேர சராசரி. மில்லுல, ஒர்க்‌ஷாப்புல நாள் முழுக்க ஓடற மெஷினுக்கு அது பொருந்தும். 9 எம்எம் பிஸ்டல் சுடறவன் காது கிட்ட உச்சம் கிட்டத்தட்ட 160 டெசிபல், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியோட சக்தி ரெட்டிப்பாகுது, கணக்கு போட்டா 85க்கும் 160க்கும் நடுவுல மூணு கோடி மடங்குக்கு மேல வித்தியாசம். ஆனா ஒரு வெடி நீடிக்கறது சில மில்லி செகண்ட் தான். அதை எடுத்து 8 மணி நேரத்துல பரப்பி, அதையும் வருஷத்துல ஒரு நாள்னு பரப்பினா பேப்பர்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடும். எங்க சேஃப்டி ஆபீசர் அதை தான் சொன்னார், சராசரி பார்த்தா நீங்க நாய்ஸ் (இரைச்சல்) வேலையில இல்லைன்னு. ஆத்துல சராசரி ஆழம் முழங்கால் அளவுன்னு சொல்லி நடக்க விட்டா நடு ஆத்துல முழுகறவன் கதி என்ன? திடீர் சத்தத்துக்கு உச்சத்தை தான் பார்க்கணும், 140 டெசிபல் தாண்டின வெடிச் சத்தம் காதுல விழவே கூடாதுன்னு உலகம் பூரா ஒத்துக்கிட்ட விஷயம், சின்னதுன்னு நினைக்கற .22 ரைஃபிளே அந்த 140ஐ தொடும். சாதாரண சவுண்ட் மீட்டரை நீட்டினா அந்த உச்சத்தை பிடிக்கவும் பிடிக்காது, வேகமான மீட்டர் வேணும், தயவுசெஞ்சு ஆய்வாளரை அனுப்பும்போது அதை குடுத்து அனுப்புங்க.

சராசரியில நாங்க வரலைன்னு சொன்னதோட விளைவு தான் அடுத்தது. நாய்ஸ் வேலை இல்லைன்னா ஆரம்பத்துல எடுக்க வேண்டிய பேஸ்லைன் காது டெஸ்ட் கிடையாது. 1993ம் வருஷத்து 130ம் நம்பர் காம்பென்சேஷன் சட்டத்துக்கு கீழ நஷ்டஈடு கேக்க போனா, பேஸ்லைன்ல இருந்து 10 சதவீதத்துக்கு மேல மாறிருக்கணும்னு கணக்கு. நியாயம் தான். ஆனா எடுக்காத பேஸ்லைன்ல இருந்து எத்தனை சதவீதம்னு நான் எந்த ஜோசியர் கிட்ட போய் கேக்கறது? என் மச்சான் சுரங்கத்துல இருந்தவர், அவருக்கு வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்தாங்க, 2003லயே அந்த துறையில இலக்கு வச்சு 2013 டிசம்பருக்கு அப்புறம் எந்த வேலை இடத்துலயும் மெஷினுங்க எல்லாம் சேர்ந்து போடற சத்தம் 110 டெசிபலை தாண்டக் கூடாதுன்னு சொன்னாங்க. துப்பாக்கியை 110க்கு கொண்டு வர முடியாது, தெரியும். ஆனா இந்த நாட்டுல பதிவு பண்ணி வேலையில இருக்கற செக்யூரிட்டி கார்டு அஞ்சு லட்சத்துக்கு மேல, போலீசை விட ரெண்டு மடங்குக்கும் அதிகம். இதுல துப்பாக்கி தூக்கறவங்க காதையாவது யாராவது ஒரு நோட்டுல எழுதி வைக்கணுமா இல்லையா?

அதனால நாங்க கேக்கறது இவ்ளோ தான். துப்பாக்கி குடுக்கற கம்பெனி எதுவா இருந்தாலும் ஆள் முதல் தோட்டா சுடறதுக்கு முன்னாடி காது டெஸ்ட் எடுத்து அந்த கிராஃப் காப்பியை ஆள் கையிலேயே குடுக்கணும், கம்பெனி மாறினாலும் அது அவன் கூட போகணும், அப்புறம் வருஷா வருஷம் ட்ரைனிங்குக்கு முன்னாடி ஒரு தடவை. முன்னாடின்னு ஏன் அழுத்தி சொல்றேன்னா சுட்ட மறுநாள் எடுத்தா காது தற்காலிகமா மந்தமா இருக்கும், நம்பர் பொய் சொல்லும். மூடின ரேஞ்சுல காதுக்குள்ள வைக்கற ஃபோம் ப்ளக்கும் மேல மஃப்பும் ரெண்டும் கட்டாயம்னு ஆக்குங்க. எத்தனை டெசிபல் குறைக்கும்னு ரெண்டு பாக்கெட்ல போட்டிருக்கற நம்பரையும் கூட்டி கணக்கு சொல்ற ஆள் இருக்காங்க, அப்படி கூடாது, ரெண்டும் போட்டா பெரிய நம்பரோட சுமார் 5 டெசிபல் தான் கூடும், ஆனா அந்த 5ம் வேணும், ஒண்ணு நழுவினா இன்னொண்ணு நிக்கும். பாக்கெட்ல 30ன்னு போட்டிருக்கறது லேப்ல சரியா மாட்டினா வர்றது, எங்க ஆளுங்க பாதி பேர் ப்ளக்கை காது வாசல்ல ஒட்ட வச்சுட்டு நிக்கறாங்க. அதை மெல்லிசா உருட்டி, இன்னொரு கையை தலைக்கு பின்னாடி கொண்டு வந்து காதை மேலயும் பின்னாடியும் இழுத்து, உள்ள விட்டு, அது விரியற வரைக்கும் அரை நிமிஷம் விரலால பிடிக்கணும்னு எனக்கு 19 வருஷத்துல ஒருத்தரும் சொல்லல, டெஸ்ட் எடுத்த பொண்ணு தான் சொன்னா. காசு தான் பிரச்சினைன்னா ஒரு குவார்ட்டர் மட்டன் பன்னி சௌ (கால் ரொட்டியைக் குடைஞ்சு கறிக்குழம்பு ஊத்தித் தர்ற டர்பன் சாப்பாடு) விலைக்கு பத்து பேருக்கு ப்ளக் வாங்கிடலாம், அதையும் சம்பளத்துல பிடிக்கக் கூடாதுன்னு அதே 85ம் நம்பர் சட்டத்துல 23வது பிரிவு இருக்கு.

இன்ஸ்ட்ரக்டர் பேச்சு கேக்கறதுக்கு எலக்ட்ரானிக் மஃப் இருக்கு, பேச்சை உள்ள விட்டு வெடியை மட்டும் அமுக்கிடும். எல்லாருக்கும் வாங்க சொல்லல, இன்ஸ்ட்ரக்டருக்கும் லேன்ல நிக்கறவங்களுக்கும் மட்டும் இருந்தா போதும், மாத்தி மாத்தி போட்டுக்கலாம், சுத்தமான குஷனோட. அது வர்ற வரைக்கும் கைக்கொடி காட்டுங்க, விசில் ஊதி எல்லா லேனையும் நிறுத்திட்டு அப்புறம் பேசுங்க, இதுக்கு காசே வேண்டாம். ட்ரைனிங் அன்னிக்கு ராத்திரி காது கொய்ங்னு நிக்காம இருந்தா மறுநாளே டாக்டரை பார்க்க சம்பளத்தோட லீவு வேணும், இதுல நாள் தள்ளிப் போட்டா வைத்தியத்துக்கு இருக்கற கொஞ்ச வழியும் போயிடும்.

செவிடன் காதுல ஊதின சங்குன்னு சொல்வாங்க, இங்க செவிடனே சங்கு ஊத வேண்டியதா போச்சு. என் காது திரும்பாதுன்னு எனக்கு தெரியும், எனக்காக எழுதல. என் கூட கேட்ல நிக்கற தம்பிக்கு 23 வயசு, போன மாசம் தான் துப்பாக்கி ட்ரைனிங் முடிச்சான், கேட்டா காது லேசா கொய்ங்குது அண்ணான்னு சிரிக்கறான்.

கூட வேலை பார்க்கற 14 பேர் பின்பக்கம் கையெழுத்து போட்டிருக்காங்க, ரெண்டு பேர் வேலை போயிடும்னு பயந்து கடைசி நிமிஷத்துல தங்க பேரை அடிச்சுட்டாங்க, அவங்களை தப்பா நினைக்காதீங்க. இந்த மனு கிடைச்சதுக்கு ஒரு ரசீது அனுப்புங்க. பதிலை எழுத்துல போடுங்க, போன் பண்ணாதீங்க, போன்ல எனக்கு சரியா கேக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு செக்யூரிட்டி கார்டும் கூட வேலை பார்க்கறவங்களும்